பின்சீட்டுக்குக் கீழே

மகள் புதுசாக ஒரு கார் வாங்கியிருக்கிறாள். கரண்டில் ஓடுகிற கார். சாயங்காலமானால் செல்போனுக்குப் போடுகிற மாதிரி அதற்கும் ஒரு வயரைச் சொருகிவிட்டு வந்து டிவி பார்க்க உட்கார்ந்துவிடுகிறாள். "மொதல்ல எங்கம்மா போலாம், நீயே சொல்லு" என்று கேட்டாள். ஏதாவது ஒரு கோயில் பேரைச் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டு கொல்லிமலை என்று சொல்லிவிட்டது.

முள்ளுக்குறிச்சி வழியாக ஏறினோம். வண்டியிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. எனக்குத்தான் பயம், எங்கே ஆஃப் ஆகிப் பின்னால் உருண்டுவிடுமோ என்று. மேலே ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தியதும் இறங்கி, காரின் பின்பக்கம் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

"என்னம்மா தேடறே?"

"சைலன்சர் பைப்பு எங்க கண்ணு?"

"இதுக்கு அதெல்லாம் கிடையாதும்மா. பொகையே வராது."

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நினைத்து அவள் கையைக் கொடுத்தாள். இடுப்பும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து மரவள்ளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அது விட்டுவிட்டுப் போன புகையை மூக்கு வாங்கியதும் எனக்கு லூர்து அக்கா ஞாபகம் வந்தது. பக்கத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரிதான் வந்தது. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

முப்பது வருசம் இருக்கும். எனக்கு முதல் வேலை கொல்லிமலையில்தான் போட்டார்கள், செம்மேட்டைத் தாண்டி ஒரு சின்ன ஆபீசில் டைப்பிஸ்ட். ஆர்டர் வந்த அன்று ராசிபுரத்தில் எங்கள் அம்மா அழுத அழுகையைப் பார்த்துவிட்டுத் தெருவில் இரண்டு பேர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். மலை என்றால் அப்போது அப்படி ஒரு நினைப்பு. மேலே போய்ப் பார்த்தால் சுற்றியிருந்த வாழவந்தி நாட்டு மலைச் சனங்கள் அவரவர் மிளகையும் சாமையையும் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார்கள். நிம்மதி இல்லாதவர்கள் எங்களை மாதிரி கீழிருந்து வந்த கவர்மெண்ட் ஆட்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எந்த ஆபீசில் எட்டிப் பார்த்தாலும் நாற்காலிதான் இருக்கும். எல்லோரும் கீழே போகிற பஸ்ஸுக்காகப் பையோடு நிற்பார்கள். திங்கட்கிழமை தாமதமாக வந்து ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் சொன்ன கதைகள் தனி ரகம். ஒரு தடவை பஸ்ஸுக்கு முன்னால் பாம்பு படுத்திருந்தது, டிரைவர் கும்பிட்டுவிட்டு நின்றுவிட்டார் என்று சொன்னேன். எங்கள் ஆபீசர் தலையைத் தூக்காமல், "போன வாரம் கொரங்குன்னு சொன்னீங்களே" என்றார்.

எனக்குக் கொடுத்த குவார்ட்டர்சுக்கு ஒட்டின வீட்டில் ஆரோக்கியம் அண்ணனும் லூர்து அக்காவும் இருந்தார்கள். திண்டுக்கல் பக்கத்துக்காரர்கள். அண்ணன் எங்கள் ஆபீசிலேயே உதவியாளர். அக்கா அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒட்டின வீடு என்றால் ஒரே சுவர்தான். அவர்கள் வீட்டில் கடுகு வெடித்தால் நான் தும்முவேன். வந்த முதல் வாரமே அக்கா என்னை எடை போட்டுவிட்டாள். "ஏ புள்ள, ஓன் வாயில இருந்து வர்றத வடிகட்டித்தான் குடிக்கணும்" என்பாள். சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தில் குழம்பும் கொடுப்பாள்.

அவர்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு பலாமரம், அதற்குக் கீழே ஒரு கார். பழைய பெட்ரோல் அம்பாசடர். காப்பித் தோட்டத்தைக் கைமாற்றிவிட்டுப் போன ஒருத்தரிடமிருந்து அண்ணன் வாங்கியது. வெள்ளை என்று சொல்வார்கள். மலையின் ஈரத்தில் கதவுக்கு அடியெல்லாம் துரு ஏறி, காவி கட்டின மாதிரி நிற்கும். பழுத்த பலாவின் வாசமும் பெட்ரோல் வாசமும் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு இப்போதும் பலாச்சுளையைப் பிய்க்கும்போது பெட்ரோல் வாசம் வரும். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அண்ணனுக்கு அந்தக் கார் என்றால் உயிர். மெக்கானிக்கிடம் விடமாட்டார். மேலே மெக்கானிக்கும் கிடையாது, கீழே கொண்டுபோய்விட்டால் திரும்பி வரும்போது மறுபடி கெட்டுப்போகும். அதனால் எல்லாவற்றையும் அவரே பிரிப்பார், அவரே மாட்டுவார். சனிக்கிழமை காலையில் கார்பரேட்டரைக் கழற்றி, அக்காவின் எவர்சில்வர் தட்டில் பெட்ரோல் ஊற்றி, துண்டு துண்டாக அதில் போட்டுக் கழுவுவார். அக்கா, "சாப்புடற தட்டுங்க அது" என்பாள். "கழுவித்தான தர்றேன்" என்பார். அந்தத் தட்டில் எனக்கு ஒரு நாள் உப்புமா வைத்தார்கள். பெட்ரோல் உப்புமா. இப்படியாக அந்த வீட்டில் தலையணை, துண்டு, காயப்போட்ட துணி, அக்கா எனக்குக் கொடுக்கிற குழம்புக் கிண்ணம் எல்லாவற்றிலும் பெட்ரோல் வாசம் இருந்தது. கொஞ்ச நாளில் எங்கள் மூக்குக்கு அது ஒரு வாசமாகவே படாமல் போய்விட்டது.

எனக்கும் அதில் ஒரு வேலை உண்டு. டார்ச் பிடிக்கிற வேலை. அண்ணன் காருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார், நான் குத்தவைத்து உட்கார்ந்து வெளிச்சம் காட்டுவேன். அவர் கேட்கிற இடத்தில் ஒரு நாளும் காட்டியதில்லை. "அம்மா, என் கண்ணுக்குள்ள காட்டாதம்மா, கண்ணுல போல்ட் இல்ல" என்பார். ஆனாலும் கூப்பிடுவார். கேட்கிறதுக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றிக் காட்டி, "பாத்தியா, கரி புடிச்சிருக்கு. மேல காத்து கம்மி. உள்ள போற பெட்ரோல் முழுசா எரிய மாட்டேங்குது" என்று விளக்குவார். நான் டைப் அடித்துக் கொடுக்கிற கடிதத்தைப் படித்துப் பார்க்கும்போது என்ன தலையாட்டு ஆட்டுவாரோ, அதே தலையாட்டை நானும் ஆட்டுவேன்.

இந்த இடத்தில் வளைவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வர எழுபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும். பாதி வளைவுக்குள் ஜன்னலோரம் இருக்கிறவர்களெல்லாம் தலையை வெளியே போட்டிருப்பார்கள். அது அங்கே ஒரு வியாதியே இல்லை. கீழே போகிறவர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். சிலர் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் உட்காருவார்கள், அப்படி உட்கார்ந்தால் வாந்தி வராது என்று. வந்துவிட்டால் பேப்பர் சரியாக விரிக்கவில்லை என்பார்கள். தலை வலித்தால் வளைவு. மயக்கம் வந்தால் வளைவு. ராசிபுரத்தில் எனக்குக் கல்யாணத்துக்குப் பார்த்த மாப்பிள்ளை ஒருத்தர் மேலே வந்து என்னைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாரே, அதற்குக்கூட எங்கள் அம்மா வளைவைத்தான் சொன்னாள்.

லூர்து அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருசம் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பாள், அடுப்பில் ஒன்றும் இருக்காது. அப்படி இருந்தவள் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்து, நான் துணி துவைத்துக்கொண்டிருந்த கல்லுப் பக்கத்தில் நின்று, "ஏ புள்ள, நாள் தள்ளிப்போயிருக்கு" என்றாள். நான் சோப்புக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அந்த வயதில் அந்த அளவுக்குச் சந்தோசம் எதிலும் வந்ததில்லை. என் குழந்தை மாதிரி இருந்தது.

அண்ணனின் அம்மா திண்டுக்கல்லிலிருந்து உடனே வரச்சொன்னார். மலையில் இருக்கக் கூடாது, கீழே வந்து படுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். அவள் போனால் அந்த வகுப்புக்கு ஆள் கிடையாது, மேலே வர எந்த டீச்சரும் சம்மதிக்கமாட்டார்கள். "பரீட்சை முடியட்டும்ங்க, அப்பறம் போறேன்" என்றாள். அண்ணனுக்கு அவளை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. செக்கப்புக்கு நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் அடிக்கடி வரச்சொன்னார், பஸ்ஸில் குலுங்காமல், முடிந்தால் காரில் படுத்துக்கொண்டு வரச்சொன்னார்.

அவ்வளவுதான், அண்ணன் காரை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்றால் கையில் ஸ்பேனரோடு. சீக்கிரம் மேலே ஏறிவிட்டால் அக்காவுக்கு அவஸ்தை குறையும், அதற்கு இழுவை கூட வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றிவைத்துவிட்டு வால்வு ஒவ்வொன்றையும் பசை தடவித் தேய்த்தார். சந்தனம் அரைக்கிற மாதிரி உட்கார்ந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தேய்ப்பார். கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற கண்ணை மெல்லிசுக் கம்பியால் கொஞ்சம் பெரிசாக்கினார், கூடப் பெட்ரோல் போனால் கூட இழுக்கும் என்று. பிறகு சைலன்சர். அது உள்ளே கரி பிடித்து அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் போகிற பைப் வளைவில் வண்டி சாயும்போதெல்லாம் பாறையில் இடித்து இடித்துக் கோணிப்போயிருந்தது. "இது எதுக்கு இம்புட்டு நீளம்? மூச்சு விட முடியாம முக்குது வண்டி" என்று சைலன்சரின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருந்த தகட்டையெல்லாம் உருவினார். பைப்பைப் பின்சக்கரத்துக்கு முன்னாலேயே ஹேக்சா பிளேடு வைத்து அறுத்துவிட்டார். இணைப்பில் மண்ணெண்ணெய் டின் தகட்டைச் சுற்றிக் கம்பி கட்டினார். நான் டார்ச் பிடித்தேன். அன்று ஆச்சரியமாகச் சரியான இடத்தில் பிடித்தேன்.

வண்டி ஸ்டார்ட் ஆன சத்தத்தில் பலாமரத்துக் காக்காயெல்லாம் பறந்தது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அதற்கப்புறம் நன்றாக இழுத்தது. முன்னெல்லாம் இரண்டு இடத்தில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்போது ஒரே மூச்சாக ஏறியது. அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "பாத்தியா லூர்து, நம்ம புள்ளைக்காக ஏறுது" என்றார். அக்கா பின்சீட்டில் படுத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தக் காரில் யார் எங்கே உட்காருவது என்பது மாறவே மாறாது. அண்ணன் ஓட்டுவார், முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு. பக்கத்தில் நான். என் பக்கத்துக் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு மேலே ஏறாது, குளிர் முகத்தில் அடிக்கும். அக்கா பின்சீட்டில் தலையணை போட்டுப் படுத்திருப்பாள். பனி இறங்குகிற மாதங்கள் என்பதால் பின்கண்ணாடி இரண்டையும் இறுக்கி ஏற்றி, சந்தில் துணியும் திணித்துவைப்பார் அண்ணன். அவளுக்குக் குளிர் படக் கூடாதாம். ஒவ்வொரு தடவையும் கம்பளியை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

அக்காவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. கீழே இறங்கும்போது பரவாயில்லை, மேலே ஏறும்போதுதான் சுருண்டுவிடுவாள். தலை பிளக்கிறது என்பாள், வாந்தி எடுப்பாள், வீடு வந்தும் எழுந்திருக்க முடியாமல் சீட்டிலேயே கிடப்பாள். மறுநாள் சரியாகிவிடும். எங்களுக்கு மிளகு கொண்டுவந்து கொடுக்கிற பாவாயி அதைப் பார்த்துவிட்டு, "வளைவு பழகாத ஒடம்புங்க கண்ணு. மாசமா வேற இருக்கறீங்க. ரெண்டு மெளகக் கடிச்சுக்கிட்டுப் படுத்துக்கோங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் சுக்கு என்றார்கள். எங்கள் ஆபீசர் எலுமிச்சை இலை என்றார். நான் பேப்பர் விரித்தேன். அந்த மலையில் அத்தனை பேர் இருந்தோம், ஒரு ஆளுக்கும் வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? எனக்கும்தான் அந்த வளைவில் தலை வலித்தது. ஏறுகிற எல்லோருக்கும்தான் வலித்தது.

எட்டாம் மாதம் செக்கப்புக்குப் போனோம். நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்தாள், இடம் மாற்றி வைத்தாள், மறுபடியும் வைத்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிடப் போனாள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன். நெஞ்சுத் துடிப்பு இல்லை என்று டாக்டர் சொன்னபோது அண்ணன், "சரியா கேட்டுப் பாருங்க சார், வண்டியில வந்தது, தூங்கும்" என்றார். பெண் குழந்தை. நான் பார்த்தேன். அக்காவின் மூக்கு.

திண்டுக்கல்லிலிருந்து அண்ணனின் அம்மா வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டாளா? பள்ளிக்கூடமா பெருசு?" என்று அழுதார். அந்த அம்மாவையும் குறை சொல்ல முடியாது, பேத்தி போன துக்கம். அண்ணன் நிமிர்ந்து, "நான்தாம்மா இருக்கச் சொன்னேன். அவ வரேன்னுதான் சொன்னா" என்றார். பச்சைப் பொய். அதைக் கட்டிலில் படுத்திருந்த அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு என்னிடம், "பாத்தியா, எனக்காக எப்படிப் பேசறாருன்னு" என்றாள். அதற்குப் பிறகு அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். போகும்போது வழியெல்லாம், "கீழயே இருந்திருக்கணும், நான்தான் அந்த வளைவுல போட்டுக் கொன்னுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

மழைக்காலம் வந்தது. அண்ணன் ஆபீஸ் வேலையாகத் தேவனூர் நாட்டுப் பக்கம் காரை எடுத்துப் போயிருந்தார். பின்சீட்டில் வைத்த பேப்பர்க்கட்டு நனைந்திருந்தது. தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்சீட்டைக் கழற்றி வெளியே போட்டார். நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். "இங்க கொஞ்சம் வாம்மா" என்றார். குரல் அவர் குரல் மாதிரி இல்லை.

சீட்டின் அடிப்பக்கம் முழுக்கக் கரி. விறகடுப்புச் சட்டியின் அடி எப்படி இருக்கும், அப்படி. தரைத்தகடு துருப்பிடித்து, உள்ளங்கை போகிற அளவுக்கு ஓட்டை. அதற்குமேல் ஒரு பழைய சாக்கு கிடந்தது, அதுவும் கரி. ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தேன். அவர் அறுத்த பைப்பின் வாய் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா தலையணை போடுகிற பக்கம் அது.

அண்ணன் சீட்டை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தார். பின்கண்ணாடி இரண்டையும் ஏற்றினார், சந்தில் துணியையும் திணித்தார். அக்கா படுக்கிற மாதிரியே உள்ளே படுத்தார். "முன்னால போய் சாவியத் திருப்பு. ஓட்ட வேணாம், இன்ஜின் மட்டும் ஓடட்டும். நீ வெளிய போய் கதவ சாத்திரு" என்றார். "வேணாங்கண்ணா" என்றேன். "திருப்பும்மா" என்றார். திருப்பிவிட்டு வெளியே நின்றேன். உள்ளே அவர் கம்பளியை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொள்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கூப்பிட்டேன், அவர் அசையவில்லை. கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கி, அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

பலாமரத்து வேரில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எடுத்தார். வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது. வளைவும் இல்லை, ஏற்றமும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "வாசமே பெருசா இல்லம்மா" என்றார். "நம்மூட்டு வாசந்தான் வருது."

அதற்கப்புறம் அந்தக் காரைக் கண்ணால் பார்க்க அவரால் முடியவில்லை. அந்த வாரமே பழைய இரும்பு எடுக்கிறவன் லாரியோடு வந்தான். அண்ணன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். காரைக் கயிறு கட்டி ஏற்றியதை நான்தான் நின்று பார்த்தேன். பிறகு அண்ணன் பஸ்ஸில் நாமக்கல் போய் அதே டாக்டரிடம் கேட்டார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் நல்ல மனுசன். "இருக்கலாம். அந்தப் புகை வயித்துல இருக்கிற குழந்தையத்தான் மொதல்ல பிடிக்கும். ஆனா இப்ப உறுதியா சொல்ல முடியாது. வேற காரணமும் இருந்திருக்கலாம்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வழக்கம்போல வாந்தி வந்தது. அண்ணன் எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்தார்.

அக்கா தாய் வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். பையை வைத்த கையோடு வாசலைப் பார்த்து, "கார் எங்க?" என்றாள். அண்ணன் அவள் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பைப்பை அறுத்ததை, ஓட்டையை, கரியை, டாக்டர் சொன்னதை. நான் கதவோரம் நின்றேன். அவள் அழுவாள், அடிப்பாள், சண்டை போடுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். எது நடந்தாலும் அவள் தலையிலிருக்கிற பாரம் இறங்கிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அக்கா அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். "போதும்ங்க. ஒங்கம்மாட்ட எனக்காகச் சொன்னீங்க, சரி. எங்கிட்டயே சொல்றீங்களா?" என்றாள்.

அவர் பதறிப்போய் சத்தியம் செய்தார். மாதா படத்தின் மேல் கை வைத்துச் சொன்னார். "டாக்டர் இருக்கலாம்னுதான சொன்னாரு. நீங்க கேட்ட கேள்விக்கு வேற என்ன சொல்லுவாரு" என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாலுமுங்க்கா, நான் கண்ணால பாத்தேன், அவரு உள்ள படுத்துப் பாத்து வாந்தி எடுத்தாருங்க்கா" என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. "அவரு அழுது அழுது வாந்தி எடுத்திருப்பாரு. நீயும் அவரு சொல்லிக்குடுத்தத அப்படியே ஒப்பிக்கிறயா புள்ள?" என்றாள். பஸ்ஸுக்கு முன்னால் பாம்பு படுத்த கதையெல்லாம் கேட்டுப் பழகியவள். என்னை எப்படி நம்புவாள்? இதோ பாரு என்று காட்ட ஒரு சீட்டு இல்லை, ஒரு தகடு இல்லை. எல்லாம் கீழே எங்கேயோ உருகிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்த வீட்டில் சத்தமே இல்லை. ஒருத்தருக்கொருத்தர் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். அவர் சொன்னதை அவள் அன்பு என்று எடுத்துக்கொண்டாள். அவள் நம்பாததை அவர் தண்டனை என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் தனித்தனியாக நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு ஒரே தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு குழந்தையும் உண்டாகவில்லை. மாற்றல் கேட்டு வாங்கித் திண்டுக்கல் பக்கம் போய்விட்டார்கள். எனக்கும் கல்யாணமாகிக் கீழே வந்துவிட்டேன். அண்ணன் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, கடைசி வரை பஸ்தான்.

மகளோடு போன அன்று அந்த இடத்தையும் தேடிப் பார்த்தேன். குவார்ட்டர்ஸ் இல்லை. இடித்துவிட்டு வேறு என்னமோ கட்டியிருக்கிறார்கள். பலாமரமும் இல்லை. அங்கே நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "ஏனுங்க, இங்க ஒரு டீச்சரம்மா ஊடு இருந்ததே" என்று கேட்டேன். "தெரியலீங்களே, நாங்க வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு" என்றாள். பாவாயியும் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

போன வருசம் அண்ணன் தவறிவிட்டார் என்று தகவல் வந்து திண்டுக்கல்லுக்குப் போயிருந்தேன். அக்காவுக்குத் தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. என் காதோடு சொன்னாள்.

"கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு தெரியுமா? ஆஸ்பத்திரில மூச்சு வாங்குது, அப்பக்கூட, பைப்ப நான்தான் அறுத்தேன் லூர்து, நீ ஒண்ணும் பண்ணலன்னு. எம்மேல பழி இருக்கக் கூடாதுன்னு எத்தன வருசம் ஒரு மனுசன் ஒரே பொய்யச் சொல்லுவாரு? யாருக்குக் கெடைக்கும் புள்ள அப்பிடி ஒரு புருசன்?"

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் முப்பது வருசப் பழி அவளைவிட்டுப் போகும். அதோடு அவளிடம் மிச்சமிருக்கிற அந்தப் புருசனும் போய்விடுவார். உண்மை தெரிந்த இன்னொரு ஆள் எங்களுக்கு முன்னால் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"ஆமாங்க்கா" என்றேன்.